வளையத்தைத் தொட்ட பந்து

என் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். கூடைப்பந்து வளையமோ தரையிலிருந்து பத்தடியில் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் நடுவே எந்தத் தகராறும் வர நியாயமில்லை. பதினேழு வருஷம் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலி ஒன்றுதான் எனக்கு மிச்சம். அதற்கும் தைலம் இருக்கிறது.

உட்காருங்கள், மிஸ்டர் ஷேக் அலாவுதீன். விசிறியை உங்கள் பக்கம் திருப்பிவிடுகிறேன். தட்டில் இருப்பது பருத்தித்துறை வடை. தட்டையாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், கடித்தால் தெரியும். என் மனைவி கமலாம்பிகை செய்தது. கோலாலம்பூர் தேசியச் சங்கத்திலிருந்து இதற்கென்றே வந்திருக்கிறீர்கள், வெறும் வயிற்றோடு அனுப்ப முடியாது. நான் நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். துறைமுக அலுவலகத்தில் முப்பது வருஷம் எழுதிக்கொண்டிருந்தவன் நான். எழுதுகிறவனுடைய கை வலி எனக்குத் தெரியும்.

இந்த ஆட்டத்துக்கு நான் வந்தது ஆசையால் அல்ல, ஆங்கிலத்தால். எழுபத்தொன்றில் எங்கள் வட்டாரச் சங்கத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு விதிப் புத்தகம் வந்தது. தலைவர் மிஸ்டர் தியோ டயர்க் கடைக்காரர், தங்கமான மனுஷர், ஆனால் விலைப்பட்டியலைத் தவிர வேறெதையும் படிக்க மாட்டார். யாராவது இதைப் படித்துச் சொன்னால் தேவலை என்றார்கள். நான் படித்தேன். படித்தவன் கையிலேயே விசிலையும் கொடுத்தார்கள், செயலாளர் பதவியையும் கொடுத்தார்கள். புத்தகம் ஒரே ஒரு பிரதி. பழுப்புத்தாள் அட்டை போட்டு என் அலமாரியில் வைத்துக்கொண்டேன். ஜார்ஜ்டவுனில் எந்தத் திடலில் சண்டை வந்தாலும் கடைசியில் யாராவது ஒருவர், “குலசேகரம் அண்ணன கேளுங்க லா,” என்பார். அந்த வாக்கியம் காதுக்கு இதமாக இருக்கும். நான் மறுக்கவில்லை.

நீங்கள் கேட்க வந்த விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கோல்டெண்டிங் என்று பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, விஷயம் சின்னது. என் மனைவிக்கே ஐந்து நிமிஷத்தில் விளங்கியது. ஒருநாள் அடுப்படியில் நின்று கேட்டாள், நான் ஒரு தம்ளரை மேசையில் வைத்து, ஒரு தேசிக்காயை எடுத்துக் காட்டினேன். எலுமிச்சையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இந்தத் தேசிக்காயைக் கூடைக்குள் விழட்டும் என்று ஒருவன் எறிகிறான். மேலே போகும்போது யார் வேண்டுமானாலும் தட்டலாம். உச்சிக்குப் போய்க் கீழே இறங்கத் தொடங்கிவிட்டால், வளையத்தின் மட்டத்துக்கு மேலே இருக்கும்வரை எவரும் தொடக்கூடாது. காக்கிறவன் தொட்டால், கூடை விழுந்ததாகவே கணக்கு. எறிந்த அணியைச் சேர்ந்தவன் தொட்டால் புள்ளியே கிடையாது. ஆனால் தேசிக்காய் தம்ளரின் விளிம்பில் ஒருமுறை பட்டுவிட்டால், அந்தத் தடை தீர்ந்தது. அதன்பிறகு எந்த அணியும் தட்டலாம், தள்ளலாம், உள்ளே போடலாம்.

“அப்ப தம்ளரைப் பிடிச்சு ஆட்டலாமோ?” என்று கேட்டாள் கமலாம்பிகை.

கூடாது. பந்து விளிம்பில் இருக்கும்போது வளையத்தையோ வலையையோ பலகையையோ தொடக்கூடாது, அது கூடைக்கு இடைஞ்சல் செய்வது, அதற்குத் தனி விதி இருக்கிறது என்றேன். அவள் தேசிக்காயை வாங்கி வெட்டிப் பிழிந்துவிட்டுப் போய்விட்டாள். விதியை நான் எவ்வளவு தெளிவாக அறிந்திருந்தேன் என்பதற்கு இதைச் சொல்கிறேன். அறியாமையால் செய்தேன் என்று உங்கள் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். அது எனக்கு மரியாதையாக இராது.

எண்பத்தைந்தில், பினாங்குப் பாலம் திறந்த வருஷம், வட்டாரக் கிண்ணத்தின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் மிஸ்டர் தியோவின் டயர்க் கடை அணி. மறுபக்கம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை இளைஞர்கள். அவர்களில் அந்தோணிராஜ் என்று ஒருவன், ஆறடி மூன்றங்குலம். அவன் குதித்தால் கை வளையத்துக்கு மேலே ஒரு முழம் நிற்கும். இரண்டு நடுவர்கள். ஒருவர் நான். மற்றவர் ஐரீன்.

ஐரீன் இருபத்தாறு வயது உடற்பயிற்சி ஆசிரியை. கான்வென்ட்டில் படித்தவள். கோலாலம்பூரில் பத்து நாள் நடுவர் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தாள். போவதற்குச் சிபாரிசுக் கடிதம் எழுதியவன் நானேதான். நல்ல பெண். ஓடினால் ஷூ சத்தம் கேட்காது. அன்று ஆட்டத்தில் மூன்று முறை தகராறு வந்தது. மூன்று முறையும் ஆட்டக்காரர்கள் அவளிடம் போய்த்தான் கேட்டார்கள். அவள் இரண்டே வார்த்தையில் சொன்னாள், அவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நான் அந்தப் பக்கம் நடந்து போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பார்வையாளர் வரிசையில் யாரோ, “மிஸ் ஐரீன், பகுஸ்!” என்று கத்தினார்கள். நன்றாகச் செய்தாள் என்று எனக்கும் சந்தோஷம்தான்.

கடைசி நான்கு வினாடி. தொழிற்சாலை அணி ஐம்பத்தெட்டு, டயர்க் கடை ஐம்பத்தேழு. டயர்க் கடைக்காரன் ஒருவன் பக்கவாட்டிலிருந்து எறிந்தான். பந்து வளையத்தின் முன்பக்கம் வந்தது. அங்கிருந்து மேலே எழும்பியது. அந்தோணிராஜ் குதித்து அதை வெளியே தட்டிவிட்டான். நேரம் முடிந்து மணி அடித்தது. தொழிற்சாலை இளைஞர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சாயங்கால வெயில் நேரே என் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. அப்போது விசில் சத்தம் கேட்டது. அது என்னுடைய விசில். நான் இரண்டு விரலை உயர்த்தி, ஸ்கோர் மேசைக்குக் காட்டினேன். கோல்டெண்டிங், இரண்டு புள்ளி, டயர்க் கடைக்கு வெற்றி.

ஐரீன் ஓடி வந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி பேசவில்லை, அவ்வளவு பண்பு.

“அங்கிள், பந்து ரிங்ல பட்டுருச்சு. பட்டதுக்கு அப்புறம்தான் அந்தோணி தட்டினாரு. கோல்டெண்டிங் இல்ல லா.”

“நீ படிச்சது பழசு, ஐரீன். ரூல் மாறியாச்சு.”

“எப்ப மாறிச்சு?”

“இப்பதான்.”

யோசித்துப் பார்த்தால் அதில் பொய் எதுவும் இல்லை. அந்த நிமிஷத்தில்தான் மாறியது.

திங்கட்கிழமை தொழிற்சாலை அணி எழுத்தில் முறையீடு கொடுத்தது. மிஸ்டர் தியோ எனக்குப் போன் செய்து, “பேப்பர் அடா, குலா?” என்றார். மாறிய விதிக்குத் தாள் இருக்கிறதா என்று மலாயில் கேட்கிறார். “அடா,” என்றேன். இருக்கிறது என்று சொல்லிவிட்டபிறகு, இல்லாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு கிளார்க் வாக்குக் கொடுத்தால் தாள் வர வேண்டும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலக டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன். சர்வதேசச் சம்மேளனத்திலிருந்து எழுபத்திரண்டில் வந்த ஒரு வாழ்த்துக் கடிதம் என்னிடம் இருந்தது. அதன் நடுப்பகுதியை நான் டைப் அடித்த வெள்ளைத்தாளால் மறைத்து, குயின் ஸ்ட்ரீட் போட்டோஸ்டாட் கடையில் ஒரு நகல் எடுத்தேன். தலைப்பு மேலே, கையெழுத்து கீழே, இடையில் ஆங்கிலத்தில் என் விதி. தமிழில் சொன்னால்: ‘பந்து வளையத்தைத் தொட்ட பின்னரும், வளையத்தின் மட்டத்துக்கு மேலே இருக்கும் வரையில், இரு அணியினரும் அதனைத் தொடலாகாது.’ சுற்றறிக்கை எண் பதினொன்று பி. வெறும் பதினொன்று என்று போட்டால் யாராவது பன்னிரண்டு எங்கே என்று கேட்கக்கூடும். பி போட்டால் கேட்க மாட்டார்கள், ஏ-யைத் தாங்கள் எங்கோ தொலைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். இதெல்லாம் அனுபவத்தில் வருவது.

கமிட்டியில் தாள் கைமாறியது. மிஸ்டர் தியோ தலைப்பைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார். நடுவில் இருந்ததை அவர் பார்க்கவில்லை. மேசைமேல் அவருடைய கிண்ணம் பளபளவென்று இருந்தது. முறையீடு தள்ளுபடி.

ஐரீன் மட்டும் விடவில்லை. தன் பயிற்சிக் குறிப்புகளைக் கொண்டுவந்தாள், எல்லாம் கையால் எழுதியவை. ஒரு பக்கம் கையெழுத்து நோட்டு, மறுபக்கம் தலைப்பும் கையெழுத்தும் உள்ள சுற்றறிக்கை. எது ஜெயிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலிடத்து விதியை ஏற்க மறுக்கும் நடுவரை வைத்துக்கொள்ள முடியாது என்று கமிட்டி முடிவு செய்தது. முடிவை எழுதியவன் நான். செயலாளர் நான்தானே. ‘கீழ்ப்படியாமை’ என்று எழுதலாமா, ‘ஒத்துழையாமை’ என்று எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்து, இரண்டாவதைப் போட்டேன். அவள் பெயர் கெடக்கூடாது என்ற எண்ணம். அடுத்த மாதம் அவளுக்குத் தேசிய நடுவர் தேர்வு இருந்தது. அதற்குச் சங்கத்தின் கடிதம் வேண்டும். கடிதம் போகவில்லை.

என்னிடம் விசிலைத் திருப்பிக் கொடுக்க இந்த வீட்டுக்குத்தான் வந்தாள். இதே நாற்காலி. கமலாம்பிகை கொடுத்த கோப்பியை முழுதும் குடித்தாள். எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னாள்:

“அந்த சர்குலர்ல இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்கு அங்கிள். ரூல்தான் தப்பா இருக்கு.”

முதல் பாதி எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அவ்வளவு மனக்கசப்பிலும் ஒருவரைப் பாராட்டத் தெரிந்த பெண். பிறகு நிபோங் திபாலில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் போனபின் கமலாம்பிகை கோப்பையை எடுத்தபடியே கேட்டாள். “இஞ்சாருங்கோ, அண்டைக்குத் தேசிக்காயோட நீங்க சொன்னது வேற மாதிரியெல்லோ?”

“அது பழைய விதி.”

“பிழை விட்டா, விட்டிட்டன் எண்டு சொல்லுறதுதானே. ஆரும் உங்களைத் தூக்கிலயா போடப்போகினம்?”

பிழை என்றால் சொல்லியிருப்பேன். அதற்கு வருகிறேன்.

அதற்குப் பின் வந்த மூன்று வருஷங்களைப் பற்றி நீங்கள் கேட்டால், சந்தோஷமான வருஷங்கள் என்றே சொல்வேன். எங்கள் வட்டாரத்தில் ஆட்டமே அழகாகிவிட்டது. முன்பெல்லாம் பந்து வளையத்தில் பட்டால் ஏழெட்டுக் கைகள் மொய்க்கும், முழங்கை மூக்கில் படும், மூக்கில் ரத்தம் வரும். இப்போது பந்து வளையத்தின்மேல் நிதானமாக ஒரு சுற்று வரும். பத்துப் பேரும் கையைத் தொங்கவிட்டு, கோயில் கலசத்தைப் பார்ப்பதுபோல அண்ணாந்து நிற்பார்கள். டத்தோ கிராமாட் ரோட்டுத் திடலில் முதன்முதல் அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஓர் ஊரே நான் எழுதிய ஒரு வரிக்குக் கீழ்ப்படிந்து நிற்கிறது. எத்தனை கிளார்க்குகளுக்கு அது கிடைக்கும்? வெளியூர் அணிகள் வந்தால் கொஞ்சம் முணுமுணுப்பார்கள். பினாங்கில் இப்படித்தான் என்று சொல்வோம். எங்களோடு வாதாடுவதைவிட லக்சா சாப்பிடப் போவது மேல் என்று அவர்களும் விட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் ஏறக்குறைய இதுபோலவே ஒரு விதி இருப்பதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். பார்த்தீர்களா, நான் பொய் எழுதவில்லை. வேறு நாட்டுக்கு எழுதிவிட்டேன்.

இந்த வருஷம் ஈப்போவில் மாநிலங்களுக்கிடையிலான ஆட்டம் வந்தது. எங்கள் வட்டாரத்திலிருந்து ஒரு தேர்வு அணி முதன்முறையாகப் போனது. அந்தோணிராஜ்தான் கேப்டன். பழையதை மனதில் வைத்துக்கொள்ளாத பையன். மேனேஜராக நான் போனேன். தேசியப் பயிற்சிக்கு ஆள் எடுப்பதற்காகத் தேர்வாளர் ஒருவர் வந்திருந்தார். எனக்குப் பக்கத்து நாற்காலி.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் பையன்கள் எறிந்த பந்து வளையத்தில் ஆடும். எதிரணிக்காரன் குதித்து வெளியே தட்டிவிடுவான். எதிரணி எறிந்தது வளையத்தில் ஆடும். அதையும் அவனே குதித்து உள்ளே தட்டிவிடுவான். எங்கள் பையன்கள் ஐந்து பேரும் கையைத் தொங்கவிட்டு அண்ணாந்து நின்றார்கள். மண்டபத்தில் முதலில் ஒருவர் இருவராகச் சிரித்தார்கள், பிறகு எல்லோரும். பாதி ஆட்டத்தில் நாற்பத்தொன்றுக்குப் பதினேழு.

இடைவேளையில் அந்தோணிராஜ் என்னிடம் வந்தான். வியர்வையில் சட்டை பிழியலாம்.

“அண்ணே, அவனுங்க ரிங்ல இருக்கிற பந்த தட்டுறானுங்க. ரெஃப்ரி ஊதவே மாட்டேங்கிறாரு. நாங்களும் தட்டவா?”

அங்கே ஒரு வார்த்தை போதும் என்பது எனக்குத் தெரியும். தட்டு என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் இன்னொரு கேள்வி வரும், அதற்குப் பின்னால் இன்னொன்று.

“இந்த ஊர் ரெஃப்ரிக்கு இன்னும் சர்குலர் வந்து சேரல, தம்பி. அவனுங்க தப்பா ஆடுறானுங்க. நீ ரூல்படி ஆடு.”

ஆடினான். எண்பத்தாறுக்கு முப்பத்தொன்பது. தேர்வாளர் தன் நோட்டில் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். ‘நல்ல உயரம். வளையத்தருகே கை தூக்குவதே இல்லை. சோம்பேறி.’ எழுதியது தப்பு என்று எப்படிச் சொல்வது? அவன் கை தூக்கவில்லைதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தோணிராஜ் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “ரெண்டு தடவ கை தானா மேல போச்சுண்ணே. நீங்க சொன்னீங்களேன்னு இறக்கிட்டேன்,” என்றான். இருபத்தேழு வயதாகிவிட்டது. அடுத்த தேர்வுக்கு அவனைக் கூப்பிட மாட்டார்கள். ஒழுங்கான ஆட்டக்காரன் என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன். வழியில் வாங்கிய பொமலோப் பழங்களில் பெரியதை அவனிடமே கொடுத்தேன்.

ஊருக்கு வந்ததும், அந்த ஈப்போ நடுவருக்கு விதி தெரியவில்லை என்று கோலாலம்பூருக்கு ஒரு புகார் எழுதினேன். சுற்றறிக்கையின் நகலையும் இணைத்தேன். அதுதான் நான் செய்த ஒரே அவசரம். நீங்கள் அதை வெளிநாட்டுக்கு அனுப்பிக் கேட்டீர்கள். பதினொன்று பி என்று ஒன்று தங்களிடம் இல்லவே இல்லை என்று அவர்கள் பதில் போட்டார்கள்.

உங்கள் முதல் கடிதம் வந்தபோது, தாள் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டிருந்தீர்கள். ஐரீன் கொண்டுவந்தது என்று பதில் எழுதினேன். பயிற்சிக்குப் போய் வந்தவள் அவள்தான், கோலாலம்பூர்த் தாள்கள் அவளிடம்தான் இருந்தன. அவளே கொடுத்துவிட்டு, பிறகு அவளே மறுத்து, என்னை மாட்டிவிடப் பார்த்தாள் என்று ஒரு காரணத்தையும் சேர்த்தேன். காரணம் இல்லாவிட்டால் ஃபைல் நிற்காது. கல்வி இலாகாவுக்கும் எழுத வேண்டியிருக்கும், அவளுடைய வேலைக்கே ஆபத்து வரலாம் என்று நீங்கள் போனில் சொன்னீர்கள். சட்டம் அதுவானால் நாம் என்ன செய்ய முடியும் என்றேன்.

பிறகுதான் நீங்கள் அந்த வார்த்தையைச் சொன்னீர்கள். “அந்தப் பொண்ணு நல்லாத்தான் எழுதியிருக்கு சார். அவ்வளவு சுத்தமான இங்கிலீஷ இப்பல்லாம் யாரு எழுதுறாங்க?”

அன்றிலிருந்து மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. செய்யாத ஒரு காரியத்தை அவள் தலையில் கட்டுவது எப்படி நியாயம்? மனசாட்சி என்பது இதுதான் போலிருக்கிறது. நான்காம் நாள் காலை உங்களுக்குப் போன் செய்து வரச் சொன்னேன். கமலாம்பிகை விஷயத்தைக் கேட்டாள். வடைக்கு மாவு பிசையப் போய்விட்டாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சுற்றறிக்கையில் ஒரு முற்றுப்புள்ளிகூட ஐரீனுடையது அல்ல, முழுவதும் என்னுடையது. ‘பின்னரும்’ என்ற சொல்லுக்கு மட்டும் மூன்று தாள் கிழித்தேன். அவளால் அது முடியாது.

இன்னொன்று. வெயில் கண்ணில் அடித்தது என்றேனே. அடித்தது உண்மை. ஆனால் பந்து வளையத்தில் பட்ட சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. டங் என்று, கோயில் மணி மாதிரி. பட்டதையும் பார்த்தேன், பிறகு அந்தோணிராஜ் தட்டியதையும் பார்த்தேன். அப்போது எதிர்ப்பக்கம் ஐரீன் நின்றாள். அவள் கை விசிலுக்குப் போகவில்லை. எல்லாம் சரி என்பதுபோல அமைதியாக நின்றாள். திடல் முழுக்க அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எவரும் என் பக்கம் திரும்பவில்லை. அதனால் ஊதினேன். திரும்பினார்கள்.

இவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா? சரி.

அந்தோணிராஜுக்கு வேண்டுமானால் தேர்வாளரிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஐரீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், அந்தத் தேர்வையும் எழுதவிடுங்கள். கெட்டிக்காரப் பெண், நன்றாக வருவாள். இந்தக் கோல்டெண்டிங் விஷயத்தில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் குழப்பம் உண்டு. ஒரு நாள் அனுப்பிவையுங்கள், நான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.